அமாவாசைக்கு மறுநாள் எடுத்த தண்ணீர்

“ஹலோ... கோமு அக்காவா?... ஆமா, ஆமா, ஷம்ஸியாதான். சொல்லுங்க... இல்லல்ல, வேலை ஒண்ணும் இல்ல. சும்மாதான் இருக்கேன்.”

சும்மா இருக்கவில்லை. மேலப்பாளையத்தில் தன் வீட்டு மாடி அறையில், மத்தியானம் மின்னஞ்சலில் வந்த ஒரு ரிசல்ட்டைக் கண் வலிக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் கல்லூரி விசாரணைக் குழுவின் முன்னால் அவள் இரண்டாம் தடவையாக நிற்க வேண்டும். இந்த நேரம் பார்த்து அவளுடைய கைடின் மனைவி போன் போடுகிறாள் என்றால், சுகம் விசாரிக்கவா இருக்கும்?

“நல்லா இருக்கேன்க்கா... உம்மாவும் நல்லா இருக்கா... ஆமா, நாளைக்குத்தான். சார் சொன்னாவளா?... வேற என்ன சொன்னாவ?... இல்ல, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். எங்கிட்ட அவிய பேசியே நாலு மாசம் ஆகுதுல்லா... ஐயோ, நான் எங்கக்கா பேசாம இருந்தேன்? போன வாரம் மாடிப்படியில எதுக்க வந்தாவ. வணக்கம் சார்னேன். போனைக் காதுல வச்சுக்கிட்டு ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே இறங்கிப் போயிட்டாவ. போன்ல ஆளே இல்ல. எனக்குத் தெரியாதா?”

கைடு சங்கரசுப்பிரமணியன் கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஷம்ஸியாவுக்கு இத்தனை வலித்திருக்காது. எம்.எஸ்ஸி. முடித்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய வாப்பாவை, இந்த வீட்டுக்கே தேடி வந்து, சாயாவைக் குடித்துக்கொண்டே பேசிப் பேசிக் கரைத்தவர் அவர்தான். தாமிரபரணியில் பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, சீக்வென்சிங் இயந்திரத்தில் கொடுத்துப் படித்தால், கண்ணுக்குத் தெரியாத அத்தனை உயிரும் தன் பேரையும் ஊரையும் சொல்லிவிடும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஊர் உலகமே முங்கி எழுகிறதே, அதனால் ஆறு என்ன ஆகிறது என்று முந்தின நாள் ஒரு பாட்டில், மறுநாள் ஒரு பாட்டில் எடுத்துப் பார்க்கச் சொன்னதும் சார்தான். திட்டம் முழுக்க அவருடையது.

மறுநாள் பாட்டில்தான் அவளைக் கவிழ்த்தது. ரிசல்ட் வந்தபோது அதில் ஆற்று உயிர்களே இல்லை. குளோரின் போட்ட குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு பிழைக்கிற கிருமிகள் மட்டும் இருந்தன. ஆய்வேட்டைப் பார்த்த வெளியூர்ப் பேராசிரியர், இந்தத் தண்ணீர் ஆற்றைப் பார்த்ததே இல்லை, இது வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று எழுதி அனுப்பிவிட்டார். அதிலிருந்து முளைத்ததுதான் விசாரணை. பாபநாசத்துக்குப் போகாமலே குழாயில் பிடித்து லேபிள் ஒட்டிவிட்டாள் என்று பேச்சு. அவள் போனாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது என்று சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“அக்கா... அக்கா, என்ன அழுதியளா?... பைய, பைய சொல்லுங்க... பெரியவுகளா? ஆமா, சாரோட அப்பா. அவிய தவறுன துட்டிக்கு வந்தேன்லா. கூடத்துல உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன்... ம்... ம்... ஞாயித்துக்கிழமையா?... டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாரு, சரி... சரி... இழுத்துக்கிட்டே கெடந்தாவளா... எல்லாரும் பால் ஊத்திப் பாத்தாச்சு... ம்... என்னது? தீர்த்தமா?... எந்தத் தீர்த்தம்?... அக்கா, எந்தத் தீர்த்தம்க்கா?”

ஷம்ஸியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“லேப் ஃப்ரிட்ஜ்லயா... நீல மூடி போட்ட பாட்டில்... ஆமா. ஆமா, அது என்னோடதுதான்.”

அமாவாசைக்கு மறுநாள், அந்தச் சனிக்கிழமை, அவள் பாபநாசத்திலிருந்து திரும்பி வந்தபோது லேபில் வடிகட்டுகிற பம்பு மக்கர் பண்ணியது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டிலைக் குளிரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. அவளிடம் ஒன்று, சாரிடம் ஒன்று.

“லேபிள் பாத்தாவளா?... நல்லாத் தெரியும்படியாத்தான எழுதியிருந்தேன். பாபநாசம், அமாவாசைக்கு மறுநாள்னு... ஓ... ஓஹோ... அதனாலதான் எடுத்தாவளா! அமாவாசைத் தண்ணி, விசேஷம்னு!”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நல்ல சிரிப்பு இல்லை. அமாவாசையன்று ஜனங்கள் ஆற்றில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் திட்டம் போட்டவர், எண்ணுவதற்காக எடுத்து வைத்த அதே தண்ணீரைத் தீர்த்தம் என்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். வகுப்பில் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று தொண்டை கிழியக் கத்துகிற வாய் அது. பெற்ற தகப்பனுக்குத் தொண்டைக்குழியில் உயிர் நின்று இழுக்கும்போது படிப்பாவது ஒன்றாவது. இதை ஷம்ஸியா புரிந்துகொண்டாள். புரிந்தது என்பதற்காக வயிற்றெரிச்சல் குறைந்துவிடவில்லை.

“பொறவு?... முழுசையும் செம்புல ஊத்திட்டிய. சரி. பாட்டில்?... யாரு, நீங்களா நெறச்சிய?... அது எதுக்குக்கா நெறச்சிய?... ம்... ம்... யா அல்லா.”

ஒரு வீட்டுப் பாத்திரம் வந்தால் அதை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கோமு பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். ஷம்ஸியா பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்த தூக்குச்சட்டியில்கூடத் திரும்பும்போது முறுக்கோ, ஒரு கை சீனியோ இருக்கும். அந்தக் கைப்பழக்கம்தான் அன்றைக்கும் வேலை செய்திருக்கிறது. பாட்டிலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அடுக்களைக் குழாயில் கழுத்து வரைக்கும் பிடித்து, மூடியைத் திருகி, புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். ஐந்து வருஷப் படிப்பு அந்தக் குழாயடியில் கரைந்து போனது அந்தப் பாவத்துக்கு எப்படித் தெரியும்?

“இல்லக்கா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல... அழாதிய. உங்களுக்கு என்ன தெரியும்?... சார் பாத்தாவளா? நீங்க குழாயில பிடிக்கிறத?... பாத்தாவ. ம். பாத்துட்டுத்தான் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ்ல வச்சாவ... அக்கா, ஒண்ணு சொல்லட்டா? திங்கக்கிழமை நான் வடிகட்டும்போது சார் பக்கத்துலதான் நின்னாவ. அப்பாவுக்குத் தேவலையா சார்னு கேட்டேன், எந்திரிச்சு உக்காந்துட்டாவன்னு சிரிச்சாவ. நான் கோட்டி மாதிரி, சார் தண்ணியப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டுதேன். ம்-னாவ. அம்புட்டுதான். ம்.”

கீழேயிருந்து உம்மா குரல் கொடுத்தாள்.

“வாரேம்மா!... உங்களுக்கு இல்லக்கா, எங்க உம்மாவுக்கு. குழாயில தண்ணி வந்துட்டாம்... இருக்கட்டும், அவ பிடிச்சுக்கிடுவா. நீங்க சொல்லுங்க, சார் அப்பமே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? அப்பாவுக்குத்தான சார், பரவால்ல, நான் இன்னொரு நாள் போய் எடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருப்பேன்... ம்... அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கிடலாம்னு நெனச்சாவளா. நெனச்சவுக பொறவு ஏன் மாத்திக்கிட்டாவ?... சரி, அது போகட்டும். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. இப்ப எங்கிட்ட சொன்னத அங்கன வந்து சொல்லுங்க. வேற ஒண்ணுமே வேண்டாம்... ஏன்?... ஏன் முடியாது?”

இப்போது அந்தப் பக்கத்தில் கோமு நீளமாகப் பேசினாள். ஷம்ஸியா ம் கொட்டிக்கொண்டே ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவில் ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரனை விடாமல் அமுக்கினான். அவளுக்கு அது காதிலேயே விழவில்லை.

“ம்... கண்ணு முழிச்சாவ... இன்னும் குடு, இன்னும் குடுன்னு கேட்டாவளா... ம்... செம்பு முழுசும்?... ரெண்டு நாளும் அதையேவா குடுத்திய?... காய்ச்சாமலா?... ம்... சரிதான், தீர்த்தத்த யாரு காய்ச்சுவா... செவ்வாக்கிழமை?... வாந்தியும் வயித்தோட்டமுமா?... இத எங்கிட்ட யாருமே சொல்லலியே. வயசாயிட்டு, அடங்கிட்டுன்னுதான துட்டி வீட்டுல பேசிக்கிட்டாவ... ம்... ம்... சாருக்கு மட்டும் மனசுல உறுத்துது. ஆமா, உறுத்தத்தான் செய்யும்.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. சாரின் அப்பா ஆவுடைநாயகம் நல்ல மனுஷர். அவளைப் பார்த்தால் ‘ஆத்துக்காரி வந்துட்டா’ என்று கேலி பண்ணுவார்.

“சார் என்னத்த நம்புதாவ?... புரியலக்கா. நிறுத்திச் சொல்லுங்க... நான் பாபநாசம் போகலன்னா?... நான் வீட்டுக் குழாயில பிடிச்சுக் கொண்டாந்து வச்சேன்னு... அப்போ உங்க மாமனார் குடிச்சதும் குழாத் தண்ணி... அதனால அவுகளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது... ஓ.”

ஷம்ஸியா ஜன்னலை விட்டு மேஜைப் பக்கம் திரும்பி வந்தாள்.

நாலு மாதமாக அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். சார் பயந்துபோய் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. பதவிக்காகவும் இல்லை. அவள் பொய்க்காரியாக இருந்தால்தான் அவர் தகப்பனைக் கொன்றவராக இல்லாமல் இருக்க முடியும். அவள் பாபநாசம் போகாமல் இருந்தால் அவர் கொடுத்தது வெறும் குழாய்த் தண்ணீர். போயிருந்தால் அமாவாசைக்கு மறுநாள் ஆறு. இரண்டில் எதை நம்பினால் ராத்திரி தூக்கம் வருமோ அதை நம்பிவிட்டார். நம்பிக்கையைக் கையெழுத்தாகவும் போட்டுவிட்டார்.

“இப்ப நான் என்ன செய்யணும்கிறிய?... சார்ட்ட மட்டும் சொல்லணுமா? போகலன்னு?... ம்... கமிட்டியில நான் என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடலாம். சார்ட்ட மட்டும், ஒத்த வார்த்த... ம்... எனக்கு வேற கைடு மாத்திக் குடுப்பாவ, மறுபடி முதல்லேருந்து செய்யலாம்... ம். நல்லா இருக்கு மேடம்.”

அக்கா எப்போது மேடம் ஆனாள் என்று ஷம்ஸியாவுக்கே தெரியாது.

“இல்ல, நான் கோவமாப் பேசல. நல்லா இருக்குன்னுதான சொன்னேன். அவுக தூங்கணும், நீங்க தூங்கணும். நான் பொய்க்காரியாகணும். ஊருக்குள்ள எனக்கு என்ன பேருன்னு தெரியுமா மேடம்? மேலப்பாளையத்துப் பிள்ள குழாத் தண்ணியக் காட்டி டாக்டர் பட்டம் வாங்கப் பாத்தான்னு எங்க தெருவுலயே சிரிக்காவ. வாப்பா பள்ளிக்குத் தொழுகப் போனா நேரா வீட்டுக்கு வந்துருதாவ, வாசல்ல நின்னு யார்கிட்டயும் பேசுதது இல்ல... தெரியும், உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு தெரியும்... என்னது? கண்டுபிடிக்க வழி இருக்கான்னா?... எதக் கண்டுபிடிக்க?”

மடிக்கணினித் திரை அணைந்து போயிருந்தது. அவள் விரலால் தொட்டாள். ரிசல்ட் மறுபடி எழுந்து வந்தது.

அன்று பாபநாசத்தில் கரையிலேயே நின்று, ஒரு ஊசிக்குழாய்த் தண்ணீரைச் சின்ன வடிதட்டு வழியாகத் தள்ளி, அந்தத் தட்டைக் கெடாமல் காக்கிற மருந்துத் தண்ணீரில் போட்டுத் தனியாக வைத்திருந்தாள். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள் என்பதும் சார் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான். அது வீட்டில் உம்மாவின் ஃப்ரிட்ஜில், மீன் குழம்புக்குப் பின்னால் கிடந்தது. குற்றம் சுமத்தப்பட்ட பிறகு, கொச்சியில் ஆராய்ச்சி பண்ணுகிற சுஹைல் என்ற பழைய வகுப்புத் தோழனுக்கு அனுப்பி, அவனுடைய மாதிரிகளோடு சேர்த்து ஓட்டச் சொன்னாள். மத்தியானம் வந்தது அந்த ரிசல்ட்தான். ஆறு முழுசாக அதில் இருந்தது. பாறையில் படர்கிற பாசி முதல், மனுஷக் குடலில் மட்டுமே பிழைக்கிற கிருமிகள் வரைக்கும். வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகிற இரண்டின் பேரும் மேலேயே இருந்தன. நாளை பத்து மணிக்கு இதைக் குழுவின் மேஜையில் வைத்தால் போதும். போனாளா இல்லையா என்று அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

“இருக்கு. நான் போனேனா இல்லையான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு... ஆமா, இருக்கு... இப்ப சொல்ல மாட்டேன்... என்ன மேடம், எதுக்கு இப்படிக் கெஞ்சுதிய? நானா அந்தப் பாட்டில எடுத்துக் குடுத்தேன்? நானா... இருங்க. இருங்க. அது யாரு?”

ஒரு தொண்டைச் செருமல். லேசாக, இரண்டு தடவை. ஐந்து வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவளுக்கு அது யார் தொண்டை என்று தெரியாமல் இருக்குமா?

“சார்... நீங்க அங்கதான் இருக்கியளா?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியளா?... அக்கா... சரி, பரவால்ல... சார், லைன்ல இருக்கேன்... கேக்குது சார்.”

தன்னையறியாமல் அவள் தலைத்துணியை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

அவருடைய குரல் இளைத்திருந்தது. கேட்டது ஒரே ஒரு கேள்வி, பாபநாசம் போனாளா இல்லையா என்று. ஆறு பேர் கொண்ட குழு அதே கேள்வியை அதட்டிக் கேட்டபோது அவளுக்குப் பதில் டக்கென்று வந்தது. இப்போது அவள் கணக்குப் போட்டாள். இல்லை சார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனுஷன் இன்று ராத்திரி சோறு தின்பார். நாளைக்குக் குழுவில் ரிசல்ட்டை வைக்கும்போது மறுபடி சாவார், அவ்வளவுதான். அதையும் வைக்காமல் விட்டால்? ஒரு நொடி அவள் அந்த அளவுக்கும் போய்ப் பார்த்தாள். வாப்பா பள்ளிவாசலில் இருந்து தலையைக் குனிந்துகொண்டு வருகிற நடை நினைவுக்கு வந்தது.

“சார்... முதல் பஸ்ல போனேன் சார். படித்துறை முழுக்க ஈர வேட்டியும் துண்டுமாக் கெடந்துச்சு. கால் வைக்க இடம் இல்ல. எள்ளுச் சோத்த மீன் கொத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்க சொன்ன எடத்துலதான், தண்ணி வேகமாப் போற பக்கமா இறங்கி, மூணு தடவ பாட்டில அலசிட்டு எடுத்தேன்... ஆமா சார்... ஆமா... இன்னொண்ணும் வச்சிருந்தேன் சார், ஊசிக்குழாயில. அது இன்னைக்குத்தான் வந்துச்சு... இருக்கு சார்... வயித்தோட்டக் கிருமியும் இருக்கு... சார், சார், இதக் கேளுங்க. அது செத்த கிருமியாக்கூட இருந்திருக்கலாம். டி.என்.ஏ.வப் பாத்து உசுரோட இருந்துச்சா செத்துக் கெடந்துச்சான்னு சொல்ல முடியாது. நீங்கதான சொல்லிக் குடுத்திய. அதனாலதான் அவுகளுக்கு அப்படி ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது சார்... சார்?... ஆனா போகலன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது... நான் போனேன் சார். அல்லா அறிய, நான் பாபநாசம் போனேன்.”

அந்தப் பக்கத்தில் யாரோ எதையோ இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம். கோமு அவரை ஏங்க, ஏங்க என்று கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

“சார்... ஹலோ... அக்கா, சாருக்கு என்ன ஆச்சு?... ஹலோ... ஹலோ...”

இணைப்பு அறுந்திருந்தது. கீழே குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது என்று உம்மா மறுபடியும் சத்தம் போட்டாள். ஷம்ஸியா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சார் என்னை நம்ப வேண்டும் என்று நாலு மாதமாக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டிருந்தாள். இப்போது நம்பிவிட்டார்.